போத்தலில் இருந்தது என்னுடையது

என் மகளின் சிறுநீர் என்று அப்போதிக்கரி ஐயாவிடம் நான் கொடுத்தது என்னுடைய சிறுநீர். எட்டு வருடங்களாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை... உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

முரசுமோட்டையில் எங்களுக்குக் காணி கிடைத்து இரண்டாம் போகம் அது. மலருக்கு நான்கு வயது. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் சலம் எரியுது என்று அழுவாள். நான் அதைச் சூடு என்றேன். வன்னி வெயில், வேறென்ன? இளநீர் கொடுத்தேன், தொப்புளில் நல்லெண்ணெய் வைத்தேன். காய்ச்சலில் நடுங்கத் தொடங்கிய பிறகுதான் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா ஒரு சின்னப் போத்தலைத் தந்தார். "பிள்ளையின்ரை சலம் கொஞ்சம் இதுக்குள்ளை பிடிச்சுக்கொண்டு வாங்கோ, தங்கச்சி. பாத்துத்தான் மருந்து சொல்லலாம்."

டிஸ்பென்சரியின் பின்வளவு வேலியோரம் மலரைக் குந்த வைத்தேன். "ஏலாதம்மா, நோகுது" என்று என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணித்தியாலம்... சொட்டும் இல்லை. உள்ளே வரிசை குறைந்துகொண்டே போனது. மத்தியானத்தோடு அவர் கதவைப் பூட்டிவிடுவார். நாளைக்கு வா என்றால், வாய்க்கால் கட்டு நெடுக இவளை மறுபடி சுமக்க வேண்டும்.

என்ன நினைத்தேன் தெரியுமா? தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே இரத்தம், சலம் மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்! வேலி மறைவில் நானே நிரப்பினேன்.

அவர் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நெருப்பில் காட்டினார். நோய் இருந்தால் கலங்குமாம்; கலங்கவில்லை. "சலத்திலை ஒண்டும் இல்லை. சாதாரணக் காய்ச்சல்தான்" என்று ஒரு கலவை மருந்து தந்தார். அதை வாங்கிக்கொண்டு மலரைத் தூக்கி வந்துவிட்டேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும், நான் செய்ததில் பிழையில்லை என்றே நம்பிவிட்டேன்...

காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. ஏழு வயதில் ஒருநாள் காலை முகம் வீங்கி எழும்பினாள். பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது, மற்றதையாவது காப்பாற்ற வேண்டும் என்றார் டொக்டர். "முதல் காய்ச்சலிலையே சலத்திலை கிருமி இருந்திருக்கும். அப்பவே மருந்து குடுத்திருந்தால் இவ்வளவுக்கு வந்திராது. ஒருத்தரும் சோதிக்கேல்லையோ?"

"சோதிச்சவை ஐயா. ஒண்டும் இல்லை எண்டவை" என்றேன். அது பொய் இல்லையே... இல்லையா?

என் கணவர் அன்றிலிருந்து அப்போதிக்கரியைத் தெருவில் கண்டால் காறித் துப்புவார். கண் தெரியாத வைத்தியன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது மலருக்குப் பன்னிரண்டு. விடிந்தால் அவள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன், கண்மடல் வீங்கியிருக்கிறதா என்று. பின்வளவுக்குப் போனவள் வரச் சற்றுச் சுணங்கினாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிறேன். மிஞ்சியிருப்பது ஒன்று. அதுவும் போனால்? பயமாக இருக்கிறது... உங்களுக்கு எப்படிச் சொல்வேன், சோறு இறங்காத பயம்.

போன கிழமை, மாற்றலாகிப் போகுமுன், அப்போதிக்கரி ஐயா எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார். கணவர் வயலில். மலர் விறாந்தையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நான்தான் வடிவாப் பாக்கேல்லைப் போல, தங்கச்சி. அதை நினைச்சால் நித்திரை வருகுதில்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு வசனம் போதும், சொல்லியிருக்கலாம். மலர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்...

"பரவாயில்லை ஐயா" என்றேன். அவரை நான் மன்னித்து அனுப்பினேன்.