டெஸ்டுக்குப் போன கீரைக்கட்டு

இருபது வருஷத்துக்கு மேல் போல்ட்டும் நட்டும் அளந்தவன் நான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி. மரை சரியாக ஏறியிருக்கிறதா, தலை சப்பையாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒதுக்குவதுதான் வேலை. அதை இழுத்து மூடினார்கள். ஆறு மாசம் வீட்டில் சும்மா இருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோது, காய்கறி வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குக் காய்கறி பற்றி சாம்பாரில் போட்டால் வேகும் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னேன். “தரம் பாக்கத் தெரியும்ல சார், போல்ட்டா இருந்தா இன்னா, வெண்டைக்காயா இருந்தா இன்னா” என்று மேனேஜர் சிரித்தார். சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கம்பெனி கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கும் சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடமிருந்து கீரை, கொத்தமல்லி, புதினா வாங்கி, குரோம்பேட்டைப் பக்கத்து அபார்ட்மென்ட்டுகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பும். யாரிடம் வாங்கலாம் என்று ஒரு லிஸ்ட் உண்டு. அந்த லிஸ்ட்டில் இருக்க வேண்டுமானால் தோட்டம் சில விதிகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டும். விதிகளெல்லாம் பதினோரு பக்க ஃபாரம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு குரோம்பேட்டையில் ரயில் ஏறி, கூடுவாஞ்சேரியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், ஒவ்வொரு தோட்டமாக டிக் அடிப்பது என் பிழைப்பு.

முதல் தடவை வீட்டில் உட்கார்ந்து அந்த ஃபாரத்தைப் படித்தபோது ஆவென்று வாயைப் பிளந்துவிட்டேன். ஒரு கீரைத்தண்டுக்கு இவ்வளவு கதையா! பாய்ச்சும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். பச்சைச் சாணியை நேராகக் கொட்டக் கூடாது, மக்கிய எருதான் போட வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தவர் அன்றைக்கு அறுவடைக்கு வரக் கூடாது. கழிவறை வேண்டும், வெளியே வந்ததும் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் வேண்டும். ஆடு, நாய், கோழி பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. வேகவைக்காமல் பச்சையாகத் தின்கிற கொத்தமல்லியில் ஒரு துளி அசிங்கம் பட்டால் அது நேரே நம் வாய்க்குத்தான் வருகிறது என்று யோசித்துப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. அஸ்தினாபுரம் மார்க்கெட்டில் கொத்தமல்லியை முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அன்றிலிருந்து அதைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது.

என் லிஸ்ட்டில் ஒரு அம்மா. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு பக்கமும் லேஅவுட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். நடுவில் ஒண்டிக்கட்டையாக நிற்கும் முக்கால் ஏக்கரில் அரைக்கீரை, சிறுகீரை, பாலக் என்று பாத்தி பாத்தியாகப் போட்டிருந்தார். கூலிக்கு இரண்டு பெண்கள். அந்தம்மாவுக்கு வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்.

“ஆடு கோழி வராம பாத்துக்கலாம். காக்காவுக்கு யாரு சார் சொல்றது? நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க” என்பார். கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு பறிக்கக் கூடாது, உடைந்து கீரையில் விழும் என்று நான் படித்ததும் பிடித்தாரே ஒரு பிடி. “எம்புருஷன் குத்துக்கல்லாட்டம் கீறாரு, இவரு வந்து வளையல கழட்டுன்றாரு பாரேன்!” கூலிப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கடைசியில் பிளாஸ்டிக் வளையல் என்று சமாதானம் ஆனோம்.

ஆனால் கிண்டல் பண்ணினாரே தவிர ஒன்று விடாமல் செய்தார். தகரம் அடித்துக் கழிவறை கட்டினார். அதன் பக்கத்தில் நீல டிரம் ஒன்று வைத்து, குழாய் பொருத்தி, சோப்பை வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டார். முன்னெல்லாம் பறித்த கீரையைத் தொட்டியில் முக்கி எடுத்து, ஈரச் சாக்கு போட்டு மூடித்தான் மார்க்கெட்டுக்கு அனுப்புவாராம். எங்கள் கம்பெனியில் அது கூடாது. பறித்தபடியே, தண்ணீர் காட்டாமல், பெட்டியில் வர வேண்டும். மருந்துத் தண்ணீரில் கழுவுவது கம்பெனி வேலை. “வாடிப் போன மாதிரி கீதே சார், பாக்கவே கஷ்டமா கீது” என்று முனகிக்கொண்டே அதற்கும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு மாசத்துக்கு ஒரு முறை ஒரு கீரைக்கட்டை லேபுக்கு அனுப்ப வேண்டும். மலத்தில் இருக்கிற கிருமி கீரையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தம்மாவின் கட்டு ஃபெயில்.

எனக்கு நம்பவே முடியவில்லை. என் லிஸ்ட்டிலேயே ஒழுங்கான தோட்டம் அதுதான். ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறையும் ஃபெயில். மேனேஜர் போன் போட்டார். “இன்னொரு தபா ஃபெயில்னா லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுங்க சார். மூணுதான் கணக்கு.” அதுவரைக்கும் கழுவித்தானே அனுப்புகிறோம் என்று கீரையை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் போய் அந்தம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக ஒன்றுக்கு நாலு பதில் சொல்கிறவர், அன்றைக்குப் பெட்டியில் இருந்த கீரையைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். மார்க்கெட்டில் கமிஷன் மண்டிக்காரனோடு பேஜார் பட்டு அலுத்துப்போய் எங்களிடம் வந்தவர். கம்பெனி வேண்டாம் என்றால் மறுபடி அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது வருத்தத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. எங்கிருந்து வருகிறது அந்தக் கிருமி? போல்ட்டில் மரை கெட்டால் எந்த மிஷின், எந்த ஷிஃப்ட் என்று பின்னாலேயே நடந்து போய்ப் பிடித்துவிடுவேன். இதையும் விடுவதாக இல்லை. பழைய காலண்டர் தாளின் முதுகில் தோட்டத்தைப் படமாக வரைந்தேன். போர்வெல் தண்ணீரை லேபுக்கு அனுப்பினேன், சுத்தம். பெட்டியைத் துடைத்து அனுப்பினேன், சுத்தம். கத்தி, கட்டுகிற வாழைநார், எரு, எல்லாம் சுத்தம். வீட்டில் சாப்பிடும்போதுகூட இதே யோசனைதான்.

பிறகு தோட்டத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டியிருந்த வீடுகள் மேல் சந்தேகம் வந்தது. செப்டிக் டேங்க் கசிந்து மண் வழியாக வந்தால்? ஒரு சனிக்கிழமை காலையில் கேட் திறந்திருந்த ஒரு வீட்டின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். “யோவ், யாருய்யா நீ? எங்க கக்கூஸை ஏன்யா எட்டிப் பாக்கற?” என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தினார். ஃபாரத்தைத் தூக்கிக் காட்டினேன். அவர் செருப்பைத் தேடப் போனார். நான் நிற்பேனா, வந்த வழியே ஓட்டம் பிடித்தேன். மானம் போனதுதான் மிச்சம். அந்த டேங்கும் பாத்தியைவிடப் பள்ளத்தில்தான் இருந்தது.

மூன்றாவது கட்டு எடுக்க வேண்டிய நாள் வந்தது. வழக்கமாக நான் எட்டு மணிக்குப் போவேன். அதற்குள் பறித்துக் கட்டி முடித்திருப்பார்கள். அந்தம்மா வேப்பமர நிழலில் சேர் போடுவார், நான் ஃபாரத்தை நிரப்புவேன், அவர் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் ஐஸ் பெட்டியில் வைப்பார். அன்றைக்கு மட்டும், ஒரு தடவையாவது முதலிலிருந்து கடைசி வரை பார்த்துவிடலாம் என்று முதல் ரயிலைப் பிடித்துப் போனேன். விடிகிற நேரம். அந்தம்மாவும் கூலிப் பெண்களும் பாத்தியில் இறங்கியிருந்தார்கள். போர்வெல் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் இறங்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் வளையல். பறித்த கீரை தரையைத் தொடவில்லை. நான் வரப்பில் நின்றுகொண்டு குறை கண்டுபிடிக்க அலைந்தேன். ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் அந்தம்மா பெட்டிகளைக் கிளறி, இலை அகலமாக, ஓட்டை இல்லாமல் இருந்த ஒரு கட்டைத் தேடி எடுத்தார். நேரே அந்த நீல டிரம்முக்குப் போனார். மூடியைத் திறந்து, கட்டைத் தலைகீழாக உள்ளே முக்கி, அலசு அலசு என்று அலசினார். உதறினார். மறுபடி முக்கினார்.

“என்னம்மா பண்றீங்க?”

“டெஸ்டுக்குப் போற கட்டு சார் இது.”

“அத ஏன் கழுவறீங்க?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பொண்ணு பாக்க வராங்கன்னா மூஞ்சி கழுவாமயா கொண்டாந்து நிறுத்துவாங்க? பெரிய எடத்துக்குப் போவுது. மண்ணோட அனுப்பினா என்ன நெனப்பாங்க?”

“அந்த டிரம்ல ஏன்?”

“நீங்கதான சார் சொன்னீங்க, தோட்டத்துலயே சுத்தமான தண்ணி இதுவாத்தான் இருக்கணும்னு. வேற எதுலயாவது கழுவினா நீங்க கத்த மாட்டீங்களா?”

நான் போய் டிரம்மை எட்டிப் பார்த்தேன். குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் வந்தது. அதனால் கழிவறைக்குப் போய் வருகிறவர்கள் மேலே கையை விட்டு, உள்ளே மிதந்த செம்பால் மொண்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். கழிவறையிலிருந்து வந்த கையெல்லாம் முதலில் அந்தத் தண்ணீரில்தான் பட்டிருக்கிறது. அடியில் பாசி. வெளியே போன ஆயிரக்கணக்கான கட்டுகளில் ஒன்றுகூட அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. எனக்கென்று மரியாதையாகக் கழுவிக் கொடுத்த கட்டு மட்டும்தான் தொட்டிருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு குதி குதிக்கத் தோன்றியது. அப்படியே ஃபாரத்தைத் திருப்பினேன். ஒன்பதாம் பக்கம். ‘மாதிரியைப் பரிசோதகர் தாமே, கையுறை அணிந்து, தோட்டத்தின் ஐந்து இடங்களிலிருந்து சேகரிக்க வேண்டும்.’ அதன் கீழே ‘சேகரித்தவர்’ என்று ஒரு கோடு. போன இரண்டு தடவையும் அந்தக் கோட்டில் என் கையெழுத்துதான். முட்டி வலி, சேறு, ஷூ பாழாகும் என்று சேரில் உட்கார்ந்தபடி போட்ட கையெழுத்து.

அந்தம்மாவிடம், “இனிமே கழுவ வேணாம்மா, டிரம்மை மாத்திடுங்க” என்று மட்டும் சொன்னேன். கையுறையை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். முட்டி கடக்கென்றது. ஐந்து இடத்தில் குனிந்து பறித்தேன். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பாஸ். ஒரு கிருமி இல்லை. மேனேஜர், “எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று புகழ்ந்தார். “கழுவினதுதான் கோளாறு” என்றேன், பெருமையாக. யார் பறித்திருக்க வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரிசல்ட்டை பிரின்ட் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் கால் கிலோ ஜிலேபியும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அந்தம்மா தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப கீரை எப்பவுமே நல்லாத்தான் இருந்திச்சா?”

“எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கணும். நீங்க அந்த டிரம்ல கழுவினதுதான்...”

“எனக்கு இன்னா தெரியும் சார். அந்தக் கட்ட நான்தான் எடுத்துக் குடுக்கணும்னு ரூல்ல கீதா?”

மழுப்பலாம் என்றுதான் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு முன்னால் முடியவில்லை. “இல்லம்மா. நான்தான் பறிக்கணும். முட்டி வலின்னு உக்காந்துட்டேன். தப்பு என்மேலதான்.”

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

“ரெண்டாந்தபா ஃபெயில்னு சொல்லிட்டுப் போனீங்கல்ல, அன்னிலருந்து எங்க வூட்ல இந்தக் கீரைய ஆக்கறதே இல்ல சார். அக்கம்பக்கத்துல வந்து கேட்டாக்கூட இல்லன்னுட்டேன். எம்பசங்க தட்டுல போட பயந்துகினு, அதையே தெனம் பெட்டி பெட்டியா ஊரார் பசங்களுக்கு ஏத்தி விட்டுகினு இருந்தேன். வேற வழி இல்லாம. இத யாருகிட்ட சார் சொல்லுவேன் நான்?”

நான் ஜிலேபிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீங்க குனிஞ்சி ஒரு கட்டு பறிச்சிருந்தா போதும்ல சார்?”

“போதும்மா” என்றேன்.