சங்குக்கு முன்னால் ஆடும் ஈ

கீழ் கோத்தகிரி எஸ்டேட் ஓடையில் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் அவர். நூல் பிரிந்த ஸ்வெட்டர், உதட்டில் எப்போதும் பற்றவைக்காத ஒரு பீடி.

ஓடைக்கு மேலே கூட்டமாக ஆடும் நடன ஈக்களைப் பிடிக்க ஒரு வாரம் அங்கே போனேன். பதினைந்து வருஷம் ஈ ஆராய்ந்த திமிரில், எல்லாம் ஒரே இனம் என்று ஒரே ஸ்பிரிட் குப்பியில் போட்டேன்.

தினமும் காலை முழுக்க நான் வலை வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசி நாள் குப்பியை எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, ரெண்டு ரகத்தையும் ஒண்ணாப் போட்டுட்டீங்களே?”

“ரெண்டா?”

“காலைல ஃபேக்டரி சங்கு ஊதறதுக்கு முந்தி வர்றது மேலயும் கீழயும் ஆடுமுங்க. ஊதுன பொறவு வர்றது தண்ணிய ஒட்டியே சுத்தும். பொகை பட்டா கலைஞ்சு போயிருமுன்னுதான் பீடிகூடப் பத்தவெக்கறதில்லீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சில ஈக்களின் பின்னங்காலில் அடர்ந்த ரோமம், மற்றவற்றில் இல்லை. இரண்டு இனங்கள்தான். குப்பியை அவரிடம் நீட்டினேன்.

“இதில் சங்குக்கு முந்தி வர்றது எதுங்க?”

வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆடாமக் கெடந்தா எனக்கெப்படீங்க தெரியும்?”

அந்தக் குப்பியில் இன்னும் நான் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை.