நைனா மூக்கு துடைத்த துண்டு

எங்கள் நைனா கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குச் சைக்கிளில் போகும்போது, ஒரு கையை விட்டுவிட்டு மூக்குப்பொடி போடுவார். ஒருநாள் அப்படிப் போட்டு, தும்மி, பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தார். அதிலிருந்து மூக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரி டாக்டர் நைனாவின் துண்டைத் தடவிப் பார்த்தார். “சளியென்றால் காய்ந்ததும் கஞ்சி போட்டதுபோல் விறைக்கும். இது விறைக்கவில்லை. மூளையைச் சுற்றியிருக்கும் நீர், மண்டை எலும்பின் விரிசல் வழியாக வருகிறது” என்றார். சில நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள். சொட்டுவது நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி ஒழுகினால் மண்டையைத் திறந்து அடைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். வரும் வழியெல்லாம் நைனா மண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் நான் ஒருத்திதான். டாக்டர் சொன்னதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. குனியக் கூடாது. வெளிக்குப் போகும்போது முக்கக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து விட வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது. ஆனாலும் எடுக்கவில்லை. தினமும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“டீச்சரம்மா, மூச்சு உடலாமா, அதுவும் கூடாதா?” என்பார் நைனா.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால் வீடு முழுக்கப் புகை. அம்மா நைனாவுக்குத் திருஷ்டி சுற்றி, காய்ந்த மிளகாயை அடுப்பில் போட்டிருந்தாள்.

“இன்னாம்மா பண்ணிக்கினு கீற?”

“திருஷ்டி இருந்தா நெடியே வராது. இம்மாம் நெடி வருது பாரு. அப்ப திருஷ்டியே இல்ல” என்று இருமிக்கொண்டே சந்தோஷப்பட்டாள்.

நைனா ஆவென்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். என் பாடம் வீண்போகவில்லை. ஏழு தும்மல். ஏழாவதில் மூக்கு ஒழுகியது.

“போச்சு. மண்டையத் தொறக்கப் போறானுங்க” என்றார்.

துண்டால் ஒற்றியெடுத்து வெயிலில் கொடியில் போட்டேன். நைனா சாய்ந்தபடியே வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொடிக்கடியில் நின்று, எப்படியாவது சளியாக இருக்கட்டும் என்று பிள்ளையாரை வேண்டினாள். சளிக்காக யாரும் அதற்குமுன் அவரிடம் போயிருக்க மாட்டார்கள்.

காய்ந்ததும் தொட்டுப் பார்த்தேன். துண்டின் முனை அப்பளம் மாதிரி நின்றது.

“வெறச்சிக்கினு கீது நைனா.”

அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்ட ஓடினாள். மறுநாள் டாக்டரும் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம், இன்னும் சில நாள் படுத்திருக்கட்டும் என்றார்.

அன்றே சுவரில் இன்னொரு தாள் ஒட்டினேன். அம்மாவுக்குப் புரிய வேண்டுமென்று, மிளகாயை வரைந்து குறுக்கே கோடு போட்டேன்.

நைனா அதை வெகுநேரம் பார்த்தார். “கத்திரிக்காயும் கூடாதா?” என்றார்.