கறுப்புப் பட்டைக்கு அடியில்

தையல் ஆலை அலுவலகத்தில் கணினி வேலை எது வந்தாலும் அவன் தலையில்தான் விழும். அவனுக்குப் பட்டப்பெயரே ‘பிடிஎஃப்’. சம்பளச் சீட்டோ விடுப்புக் கடிதமோ, எதைக் கேட்டாலும் நாலு வரி நிரல் எழுதி பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அவனோடு ஒரே வீட்டில் இருக்கும் அண்ணிக்கு அதே ஆலையில் தையல் வேலை. பின்பக்க அவசர வாசலை மேற்பார்வையாளர் பூட்டியே வைத்திருக்கிறார், தீப்பிடித்தால் அத்தனை பேரும் உள்ளேயே மாட்டிக்கொள்வோம் என்று தினமும் புலம்புவாள். ஒருநாள் நிர்வாகம் புகார்களை எழுதித் தரச் சொன்னது. பெயர்களை மறைத்துவிட்டு எல்லோருக்கும் அனுப்புவோம் என்றது. அண்ணி தயங்கினாள்.

“பயப்படாம எழுதுங்க அண்ணி. மறைக்கப்போறதே நான்தான். அந்த ஆண்டவனே வந்தாலும் உங்க பேரைக் கண்டுபிடிக்க முடியாது,” என்று மார்தட்டினான். அவன் பேச்சை நம்பி அவள் எழுதினாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்களும் எழுதினார்கள்.

வேலையை என்னவோ சிரத்தையாகத்தான் செய்தான். பிடிஎஃப் தயாரிப்பதற்கென்றே உள்ள ஆயத்த நிரல் தொகுப்பைக் கொண்டு ஒவ்வொரு பெயரின் மேலும் கறுப்புப் பட்டை வரைந்தான். யாரும் திருத்த முடியாதபடி கடவுச்சொல்லும் போட்டான். பிரமாதம்! பெயர்களை முதலில் அழிக்கவேண்டும் என்பது மட்டும் அந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. பட்டைக்கு அடியில் அத்தனை பெயரும் அப்படியே கிடந்தன. மேற்பார்வையாளர் கைபேசியில் வாசல் புகாரின் கீழிருந்த பட்டைமேல் விரலை இழுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டார்.

மறுநாள் அண்ணியின் இயந்திரத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். “உன் புகாரைப் படிச்சேன். வாசல் மேலதானே உனக்கு ஆசை? அதுகிட்டயே உட்கார்ந்து கழிவுத்துணி பொறுக்கு,” என்றார் மேற்பார்வையாளர். இப்போதைக்கு அவள் ஒருத்தியைத்தான் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்தும் அவள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. “யாரோ பெரிய கில்லாடி உன் பூட்டை உடைச்சிருக்கான். அதுக்கு நீ என்னப்பா பண்ணுவே?” என்றாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் மானம் தப்பிவிடும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. வெட்கக்கேடு!

“யாரும் உடைக்கல அண்ணி. நான் மறைச்ச லட்சணம் அப்படி,” என்று கைபேசியை நீட்டி, எப்படியென்று சொன்னான். அவளே பட்டைமேல் விரலை இழுத்து, நகலெடுத்து ஒட்டினாள். தன் பெயர் வந்து நிற்பதைப் பார்த்தாள்.

“மத்தவங்க பேரும் இப்படித்தான் இருக்கா?”

“ஆமா.”

“அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

அவன் சொல்லவில்லை. காலையிலிருந்து தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தவித்தானே தவிர, அந்தப் பெண்களின் நினைப்பே அவனுக்கு வரவில்லை. இப்போது நிமிர்ந்து அண்ணியைப் பார்க்கவே முடியவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, “வா,” என்றாள். அடுத்த தெருவில், ஆலையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெண்ணின் வீடு. புகார் எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. கதவைத் திறந்தவள் அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

“அட, பிடிஎஃப் தம்பியா! உங்க அண்ணி பேருதான் எப்படியோ வெளிய போயிடுச்சு, பாவம். எங்க பேரையாவது காப்பாத்தினீங்களே, நல்லா இருப்பீங்க. உள்ள வாங்க.”

அண்ணி ஒதுங்கி நின்றாள்.

“நீயே சொல்லு,” என்றாள்.