முணுமுணுப்பு நின்ற மூன்று நாட்கள்

“இந்த ஏசியைப் பதினெட்டுல வெச்ச புண்ணியவான் யாரு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த அக்கா, நாற்காலியை இழுத்து, அதன் கால் ஆடுவதை எல்லாருக்கும் ஒருமுறை ஆட்டிக் காட்டினார். வெளியே போட்டுவந்த செருப்பைக் கழற்றிவிட்டு, மேசைக்கு அடியில் கிடக்கும் தடித்த பஞ்சுச் செருப்புக்குள் காலை நுழைத்தார். பிறகு டீயில் ஒரு வாய். “இதுக்கு வெறும் வெந்நீரே குடுத்திருக்கலாம்.” இவ்வளவும் முடிந்தால்தான் அவருக்கு வேலை ஓடும்.

நான்கு வருடமாகத் தினமும் இதே கச்சேரி. அலுவலகத்தில் அவருக்குப் புகார்ப் பெட்டி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். “பெட்டின்னா பூட்டாவது இருக்கும். எனக்கு அதுவும் கிடையாது” என்பார்.

வயது ஐம்பத்தொன்று. வீடியோ கேமுக்கு வசனம் எழுதுவது வேலை. வாள், மந்திரம், பூதம் எல்லாம் வருகிற கேம். விளையாடுகிறவர்தான் தலைவர். அவரோடு நான்கைந்து கூட்டாளிகள் வழிநெடுக வருவார்கள், சண்டை போடுவார்கள், ஓயாமல் பேசுவார்கள். தலைவர் செய்வது பிடித்தால் ஒட்டிக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் முறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூட்டாளிகளின் வாயும் மனசும் அக்காவின் பொறுப்பு. பூதங்கள் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. “அதுங்க உறுமும். அதுக்கு எதுக்கு நான்?”

இங்கே வருவதற்கு முன் பதினொரு வருடம் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில், புகார் கேட்கும் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் படித்த படிப்பெல்லாம் அங்கேதான். வாய்க்கு வந்தபடி கத்தியவர்கள் அடுத்த மெஷினையும் அதே கம்பெனியில்தான் வாங்கினார்கள். “பரவாயில்லைங்க, விடுங்க” என்று மெதுவாகப் போனை வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேலைக்கு ஆள் எடுத்தபோது இந்தக் கதையைக் கேட்டுத்தான் டீம் லீடர் அவரைச் சேர்த்துக்கொண்டான். அவன் அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவன். அடுத்த மேசையில் உட்கார்ந்து, அவர் புலம்பலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலை பார்க்கப் பழகிவிட்டவன்.

பொதுவாக இந்த மாதிரி கேம்களில் கூட்டாளிக்குக் கோபம் வந்தால் திரை ஓரத்தில் ஒரு வரி வரும். தலைவர் ஒரு மோதிரமோ கத்தியோ பரிசாகக் கொடுத்தால் கோபம் இறங்கிவிடும். அக்காவுக்கு இதைக் கண்டாலே ஆகாது. “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். ரெண்டு வாசனை சோப்பு வாங்கிட்டு வந்துட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்குவார்.”

அதனால் அவர் எழுதிய ஈட்டிக்காரன் வேறு மாதிரி. அவன் மூட்டை கனம் என்பான், மழை என்பான், “இந்த வழியா போகச் சொன்னது எந்த மகாராசா?” என்று தலைவரையே இடிப்பான். தலைவர் மூன்று முறை வாக்குத் தவறினால் புலம்பலை நிறுத்திவிடுவான். சொன்ன வேலையைச் செய்வான், கூடவே நடப்பான், வாய் மட்டும் திறக்கமாட்டான். அப்போது தலைவர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘என்ன ஆச்சு?’ என்று கேட்டால் கொட்டித் தீர்ப்பான், தங்கிவிடுவான். கேட்காவிட்டால், கடைசிக் கோட்டைக்கு முன்னால் இருக்கும் பாலத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்த வழியே போய்விடுவான்.

நாற்பது பேரைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பார்த்தார்கள். கேட்டவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களில் ஒருவர், “போகப் போக நல்ல பையனாயிட்டான், தொந்தரவே இல்ல” என்று எழுதிக்கொடுத்திருந்தார். கேமில் கோளாறு இருக்கிறதா என்று ஆடிப் பார்க்கும் டெஸ்டர் பெண் இன்னும் ஒரு படி மேலே போனாள். ‘ஏழாம் பகுதிக்குப் பிறகு ஈட்டிக்காரன் குரல் வரவில்லை. ஒலிக்கோப்பு விடுபட்டிருக்கிறது’ என்று கோளாறுப் பட்டியலில் ஏற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை கூட்டம் போட்டார்கள்.

“முப்பது மணி நேரம் ஆடினவன், கடைசிச் சண்டையில இவன் இல்லாம தோத்துப்போனா நம்மளத்தான்கா திட்டுவான்” என்றான் லீடர். “அவன் வாயை மூடினதும் தலைக்கு மேல ஒரு சிவப்புப் புள்ளி வெச்சுடலாம். பார்த்துட்டுப் போய்க் கேட்டுக்கட்டும்.”

“தலைக்கு மேல சிவப்பு விளக்கு எரியவிட்டுட்டு வீட்டைவிட்டுப் போன மனுஷனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? புள்ளியைப் பார்த்துட்டுக் கேக்குறவன் அவனுக்காகவா கேக்குறான்? புள்ளி போகணும்னு கேக்குறான்.”

“இது கேம்கா.”

“தெரியும். நாலு வருஷமா அதைத்தானே எழுதுறேன்.”

அரை மணி நேரம் இழுத்தது. லீடர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் அவன், “புள்ளி வருதுக்கா. வெள்ளிக்கிழமையோட எல்லாத்தையும் முடிச்சு மூடணும்” என்று கணினியை மடித்தான்.

“சரி” என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை ஏசி பதினெட்டிலேயே ஓடியது. நாற்காலி ஆடியது, அக்காவும் அதோடு சேர்ந்து ஆடிக்கொண்டே எழுதினார். புதன்கிழமை டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அதையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். அறையில் எல்லாருக்கும் பரம சந்தோஷம். லீடருக்குத்தான் அதிகம். இரண்டு நாளில் நான்கு நாள் வேலை நகர்ந்திருந்தது. அக்காவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று மனசார நம்பினான்.

வியாழக்கிழமை மதியம் டெஸ்டர் பெண் அவன் மேசைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். “அக்கா மூணு நாளா ஒண்ணுமே சொல்லல. இதையும் கோளாறுன்னு எழுதிடவா?”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. திரும்பி அக்காவின் மேசையைப் பார்த்தான். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் பஞ்சுச் செருப்பு இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த துணிப்பை புடைத்துக்கொண்டு நின்றது. இழுப்பறையில் அவர் போட்டு வைத்திருக்கும் போர்வையின் நுனி அதிலிருந்து எட்டிப் பார்த்தது.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஈட்டிக்காரன் வாயை மூடுகிற அந்தப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து, ‘பிரமாதம்கா’ என்று கையெழுத்துப் போட்டவனே அவன்தான்.

ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

“என்னக்கா ஆச்சு?”

அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை. “என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே.”

“இல்ல, ஏதோ ஆகியிருக்கு.”

இப்போது திரும்பினார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. குரல் மட்டும் பழைய புகார் போன் குரலாக இருந்தது. “என் தலைக்கு மேல சிவப்புப் புள்ளி ஏதாவது தெரிஞ்சுதா?”

“இல்லக்கா.”

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?”

அவன் தலையைத் திருப்பி, டெஸ்டர் பெண்ணிடம், “அந்தப் புள்ளியை எடுக்கச் சொல்லிடு. உன் பட்டியல்லேருந்து அந்த ஒலிக்கோப்பு கோளாறையும் அடிச்சுடு” என்றான்.

“முப்பத்தோரு பேரு கேக்கலையே?” என்றாள் அவள்.

“கேக்காதவங்க கேக்காமத்தான் போவாங்க. நானும் மூணு நாள் கேக்கல.”

அக்கா மூக்கை உறிஞ்சினார். நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“மூணு நாளா கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு. மனுஷன் உக்காருற இடமா இது, மீன் வெக்கிற பெட்டியா?” என்று சொல்லிக்கொண்டே குனிந்து, துணிப்பைக்குள் கையை விட்டு, பஞ்சுச் செருப்பை எடுத்து மேசைக்கு அடியில் போட்டார்.