பாதுகாப்பாக யானைக் காட்டில் இறக்கிவிட்டார்கள்

இன்று காலை ஏலத்தோட்டத்துக்கு எங்களை ஏற்றிப் போகும் ஜீப்பைப் பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். ஆள் அதிகமாம். கடைசியாக ஏறிய என்னை இறங்கச் சொன்னார்.

“அம்மச்சி, உங்க பாதுகாப்புக்குத்தான்.”

அந்த முகத்தை நான் மறப்பேனா?

“மண்ணு சரிஞ்ச அன்னைக்கு இதே ஜீப்புல பின்னாடி தொங்கிக்கிட்டு வந்தியளே சார், அன்னைக்கு ஆள எண்ணலையா?”

“அது ஆபத்து நேரம், அம்மச்சி.”

“எனக்கு தெனமும் அப்படித்தான். வேற வண்டி ஏது?”

ஜீப் போய்விட்டது. மீதி தூரம் காட்டுக்குள் தனியாக நடந்தேன். யானை போட்ட சாணம் வழியில் சூடு ஆறாமல் கிடந்தது. தோட்டத்தில் கங்காணி, “நேரமாயிருச்சு, நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பவும் அதே காடு.

ஜீப்பில் தொங்கிச் சாகக் கூடாது, யானையிடம் சாகலாம் போல. சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.