எட்டரை அங்குலம்

டயர்க் கடைக்காரரை அந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அங்குலம்’ என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் சீப்பு இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு டேப்பு இருக்கும். பெண் பார்க்கப் போன இடத்திலேயே, பெண்ணை ஒரு தடவையும் வாசல் அகலத்தை இரண்டு தடவையும் பார்த்தவர் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சீர் பீரோ அதன் வழியாக வெளியே வருமா என்ற கவலையாம். இருபத்தாறு வருடத்தில் ஒரு வண்டிக்குக்கூட அளவு தப்பிய டயரை அவர் மாட்டியதில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

அதற்குத்தான் அன்றைக்கு ஆபத்து வந்தது, மைத்துனன் ரூபத்தில்.

பிக்கப்பின் பின்னால் புத்தம்புது டயர்கள் நான்கை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். நாளைக் காலை மலைப்பாதையில் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு ஏற்றிப்போக வேண்டும். அவன் பிடித்த முதல் ஒப்பந்தம்.

அங்குலம் டயரைப் பார்த்தார், ரிம்மைப் பார்த்தார். “மாப்ள, ரிம் அகலம் ஏழு அங்குலம். இது எட்டரைக்குப் போடுற டயர். எவன் தலையில கட்டினான்?”

“என்ன மாமா இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே எட்டரைன்னு சொன்னீங்க! போன வாரம் வண்டி இங்க நின்னப்ப அக்காகிட்ட போன்ல கேட்டேன். ‘மாமாவே அளந்து சொன்னாரு’ன்னுச்சே!”

கடையை ஒட்டிய அறையில் அதுவரை கடகடத்துக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது.

அங்குலம் உள்ளே போனார். மனைவி ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் இருந்தாள்.

“நான் எப்ப அளந்தேன்?”

“நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. ஒரு அளவு எடுக்கத் தெரியாதா எனக்கு? இந்த விளிம்புல இருந்து அந்த விளிம்பு வரைக்கும் எட்டு.”

“வெளிப்பக்கமா பிடிச்சா எட்டுதான் வரும். டயரோட உதடு உள்பக்கத்துல இல்ல உக்காருது! சரி, அந்த அரை?”

“தையலுக்கு விட்டேன்.”

அங்குலத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “டயருக்கு எதுக்கும்மா தையலு?”

“இறுக்கிப் பிடிக்கக் கூடாதில்ல? இத பாருங்க, என் தம்பி முன்னாடி என் மானத்த வாங்கினீங்க, அப்புறம் இருக்கு.”

பேசாமல் மாட்டிவிடலாம். அழுத்தினால் ஏறிவிடும், காற்றடித்தால் நிற்கும். தப்பு வெளியே தெரியாது, மலை வளைவில் பாரத்தோடு வண்டி ஆடும்வரை.

வெளியே வந்து ஒரு பின்சக்கரத்துக்கு மட்டும் புதியதை மாட்டினார். டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு இழுத்து, “நேரா பத்தடி போ” என்றார். போய் நின்ற வண்டியின் பின்னால் இருவரும் குனிந்தார்கள். நடுவில் மட்டும் கோடு தேய்ந்திருந்தது. இரண்டு ஓரமும் வெள்ளைவெளேர்.

“ஓரம் தரையைத் தொடவே இல்ல மாப்ள. ரிம் இடுக்கிப் பிடிக்குது, நடு உப்பிக்குது.”

“கெத்தா இருக்கே மாமா.”

“வளைவுல பெஞ்சோட கவுந்து கிடப்பே, அப்பவும் கெத்தா இருக்கும். கழட்டு. எங்கிட்ட உன் ரிம்முக்குச் சரியா நாலு இருக்கு. இது இங்கயே கிடக்கட்டும், எட்டரை ரிம் வண்டி ஒண்ணு வராமலா போகும்?”

“அப்ப நீங்க சொன்ன அளவு?”

கதவோரம் மனைவியின் சேலை நுனி தெரிந்தது. அங்குலம் தொண்டையைச் செருமினார்.

“தப்பு. நான்தான் தப்பா அளந்துட்டேன்.”

எதிர்க் கடைப் பூட்டுக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். “என்னது, அங்குலமே கோட்டை விட்டாரா!” மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

மனைவி வெளியே வந்து நின்று, கணவரைப் பரிவோடு ஏற இறங்கப் பார்த்தாள்.

“விடுடா தம்பி, சிரிக்காதே. மாமாவுக்கும் வயசாகுதில்ல.”